தையல்காரர் வீட்டுப் பை

"கதவு நிக்க மாட்டேங்குது. எதையாவது முட்டுக் கொடுடா!" என்று சித்தப்பா கத்தினார்.

தம்பி தையல் மேஜைக்கு அடியில் கைவிட்டுப் பழைய இஸ்திரிப்பெட்டியை இழுத்து வந்து கதவோரம் வைத்தான். அப்பாவைக் கிடத்திய ஸ்ட்ரெச்சர் உள்ளே நுழைந்தது. காலையில் மிஷினில் உட்கார்ந்தவர் அப்படியே தலை சாய்த்துவிட்டார். ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பியதுதான் மிச்சம்.

மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இஸ்திரிப்பெட்டி பைக்குள் அல்லவா இருக்க வேண்டும்!

அந்தத் தெருவில் கள்ளத் துப்பாக்கி புழங்குவது எல்லாருக்கும் தெரியும். எந்த வீட்டில் என்பதுதான் தெரியாது. போன வருஷம், யாரோ யாரையோ பார்த்துச் சுட்ட குண்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த கோடி வீட்டுப் பெண்ணைக் கொன்றது. அதற்குப் பிறகுதான் தெருமுனையில் போலீஸ் ஒரு பெட்டி வைத்தது. கொண்டுவந்து போட்டால் கேள்வியும் இல்லை, கேஸும் இல்லை. ஆனால் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. போனால், 'ஓ, இவன் வீட்டில்தானா!' என்று ஆகிவிடாதா?

அப்பாதான் வழி சொன்னார். எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி பை தைத்துக் கொடுத்தார். இருக்கிறவர்கள் துப்பாக்கியைப் போடட்டும், இல்லாதவர்கள் கனமாக ஏதாவது இரும்பைப் போடட்டும். சுற்றிலும் வெட்டுத் துணியை அடைத்து வாயைத் தைத்துவிட்டால் தடவினாலும் தெரியாது. ஒருவர் பையை ஒருவர் பிரிக்கக்கூடாது.

"எங்க வீட்டுப் பையில ஓட்டை இஸ்திரிப்பெட்டி. பத்து சட்டையைப் பொசுக்கின கொலைகாரப் பய!" என்று கூட்டத்தில் சொல்லித் தெருவையே சிரிக்க வைத்தார்.

பைகளைப் பெட்டியில் போட இன்று கடைசி நாள். வாய் தைத்த பை ஆணியில் தொங்கியது. மகள் எடுத்தாள். கனத்தது.

"அப்பா சாமான் வேற எதுவும் குறையுதாடா?" என்று தம்பியிடம் கிசுகிசுத்தாள்.

"சுத்தியல் இருக்கு. கத்திரி, எடைக்கல்லு, எல்லாம் இருக்குக்கா." அவன் முகம் வெளுத்திருந்தது. "அப்போ உள்ள என்னக்கா?"

"நீ எதாவது..."

"அக்கா! என் மேலயேவா?"

சித்தப்பா காதுக்கு எட்டிவிட்டது. "அதை எதுக்கு இப்பத் தூக்கறே? சாவு வீட்டை யாரும் கேக்க மாட்டாங்க. நாம கொடுத்துட்டா, கொடுக்காதவன் சும்மா இருப்பானா? அண்ணன் நல்லவரு, வாஸ்தவம். நல்லவன் வீட்டுக்குத்தான் காவல் வேணும்."

"எங்க அப்பா வீட்டுப் பை மட்டும் போகலைன்னா, தெரு என்ன சொல்லும் சித்தப்பா?"

அவர் வாசல் பக்கம் நகர்ந்தார்.

கத்திரி கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. நாலு தையல் வெட்டினால் தெரிந்துவிடும். அப்பா பொய் சொன்னாரா? எவனுடைய துப்பாக்கியையாவது சுமந்தாரா? தம்பிக்காகவா? இல்லை, இஸ்திரிப்பெட்டியைப் போட மனம் வராமல் வேறு ஏதாவது துருப்பிடித்த இரும்பா? ஒன்று சரி என்று தோன்றும்போதே அடுத்தது வந்து அதைத் தள்ளியது.

அம்மா அப்பாவின் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அம்மா, இதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

அம்மா நிமிரவில்லை. "மேல் பட்டனைக் கழட்டி விடு. கழுத்தை இறுக்கினா அவருக்குப் பிடிக்காது."

மகள் பட்டனைக் கழற்றினாள். பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

தெருமுனைப் பெட்டி முன்னால் வரிசை நின்றது. எல்லார் கையிலும் அதே காக்கித் துணி, அதே தையல். அவளைப் பார்த்ததும் விலகி வழிவிட்டார்கள். பையைப் போட்டாள். ஏற்கெனவே விழுந்திருந்த பைகளின் மேல் பொத்தென்று விழுந்தது.

"பேரெல்லாம் வேண்டாம்மா, நீங்க போங்க," என்றார் போலீஸ்காரர்.

மாலையில் அப்பாவைக் கொண்டுபோனார்கள். கூட்டம் கலைந்த பிறகு, இஸ்திரிப்பெட்டியைக் காலால் ஓரம் தள்ளினாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

பிறகு கதவைத் திறந்து, இஸ்திரிப்பெட்டியை மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.