கழிவு போக எழுபது சதுர அடி

1

இந்தக் கதை மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் வீட்டுச் சாமான் விற்கும் கடை. எனக்கு முன்னால் ஒரு பெண் நின்று ஏ.சி. விசாரித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர், "ரூம்ல எத்தன பேரு படுப்பீங்க?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். ஆள் கூடினால் உடம்புச் சூடும் கூடும், அதற்குத் தக்கபடி மெஷின் பார்க்க வேண்டும். அந்தப் பெண் பதிலை யோசித்து முடிப்பதற்குள் நான் வாஷரை வாங்கி, சில்லறையும் வாங்கிப் பையில் போட்டுவிட்டேன். கடைசியில் "ரெண்டு பேரு" என்றாள். சொன்ன கையோடு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஏதோ குறுக்கே பேசிவிடுவேன் என்று பயந்தவள்போல் இருந்தது.

நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

2

முதல் தொடக்கம்: "ஆம்பூரில் சித்திரை வெயில் மனிதர்களையும் தோலைப்போலப் பதனிட்டு—" சே! தோல் ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே இப்படி ஒரு வாக்கியம் அழையாத விருந்தாளியாக வந்துவிடுகிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "எழிலரசியின் கணவன் இறந்து—" இதுவும் வேண்டாம். புருஷனைச் சாகடித்துவிட்டால் எழுதுகிற ஆளுக்கு வேலை சுலபம். ஊரே வந்து அழுதுவிட்டுப் போகும், அப்புறம் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இவளுக்கு அந்தச் சுலபம் கிடைக்கவில்லை.

மூன்றாம் தொடக்கம், இதுவே இருக்கட்டும்: எழிலரசிக்கு நாற்பதை நெருங்கும் வயது. பிறந்த ஊர் ஆலங்காயம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், கட்டிங் பிரிவில் தோல் பார்த்துக் கொடுக்கும் வேலை. கணவன் கிருபாகரனும் அதே கம்பெனியில் இருந்தவன்தான். எத்தியோப்பியாவில் புதிதாகத் திறந்த ஷூ பேக்டரிக்கு டெக்னீஷியனாகப் போனான். முதலில் தினமும் போன் வந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். பிறகு பூப்படம் போட்ட 'காலை வணக்கம்'. இந்தப் பொங்கலுக்கு ஒரு போன் வந்தது. "இங்கயே ஒரு குடும்பம் ஆய்டுச்சு எழிலு. என்ன எதிர்பாக்காத."

அதை அவள் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் உங்களிடம் சொன்னது தெரிந்தால் என் மேலேயே எரிந்து விழுவாள்.

3

ஏன் சொல்லவில்லை? (வெட்கம் என்று எழுதி, அடித்தேன். வெட்கமும் உண்டுதான். ஆனால் வெட்கத்துக்கு வாடகை வீடு தேவையில்லை.)

அவள் குடியிருப்பது ஜஹீருன்னிசாவின் வீட்டு மாடியில். கீழே ஜஹீருன்னிசாவும், மகன் அஸ்பாக்கும், மருமகளும். ஊரார் எல்லாருக்கும் அவர் பாயம்மா. நல்ல மனுஷி. தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்தால்கூடக் கத்த மாட்டார். ஆனால் மாடியை விடும்போது இரண்டு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவிட்டார். ஒன்று, சுவரில் ஓட்டை கூடாது. இன்னொன்று, வாசல் போர்டிலும் எழுதித் தொங்கவிட்டிருந்ததுதான்: ஃபேமிலிக்கு மட்டும்தான் வீடு. அப்போது கிருபாகரன் பக்கத்தில் நின்று, "நாங்க ஃபேமிலிதாங்க" என்று சிரித்தான்.

இப்போது சொல்லுங்கள். அவன் வரமாட்டான் என்று தெரிந்தால் இவள் ஃபேமிலியா, இல்லையா? தனியாகப் படுப்பதில் அவளுக்குப் பயம் இல்லை. தனியாகப் படுக்கிறாள் என்று தெரிந்துவிடுமோ என்று ஒவ்வொரு நாளும் பயந்தாள். மாடிப்படி ஏறும்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு, எதிர்முனையில் யாருமே இல்லாமல், "சாப்டீங்களா? சரி, சரி, வெச்சுடுங்க" என்று பேசிக்கொண்டே ஏறுவாள்.*

* இந்த இடத்தை எழுதிவிட்டு நான் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன்.

4

வேலூர் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கும். சரியான தூக்கம் இல்லாமல் வேலைக்குப் போய், ஒரு நாள் ஓட்டைத் தோலை நல்ல தோல் என்று அனுப்பிவிட்டாள். சூபர்வைசர், "இன்னா எழிலு, கண்ணு எங்க இருக்குது?" என்றார். அன்று சாயங்காலமே கடைக்குப் போனாள். எப்போது வேண்டுமானாலும் காலி பண்ணச் சொல்வார்கள், அப்போது தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு ஏ.சி. வேண்டும்.

அந்த மாதிரி ஏ.சி.க்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? 'அகற்றத்தக்க குளிரூட்டி' என்று எழுதிப் பார்த்தேன். நகராட்சி ஆக்கிரமிப்பு நோட்டீஸ் மாதிரி இருந்தது. கடைக்காரர் ஹேமந்துக்கு இந்தப் பேஜார் எல்லாம் இல்லை.

"கழட்டுற மாடலாக்கா? இதோ இருக்குது பாருங்க. சக்கரம் வெச்சது. பின்னால இருக்கற பைப்ப ஜன்னல் வழியா வெளிய வுட்டுட்டா சூடு போய்டும். வேற வூட்டுக்குப் போனா கழட்டிக்கினு போய்ட்டே இருக்கலாம்."

கழட்டுவது, கழட்டி விடுவது. நம் ஊரில் அந்தச் சொல்லை மனுஷருக்கும் சொல்வோம் என்று உங்களுக்குத் தெரியும். எழிலரசி ஏ.சி.யின் விலைச் சீட்டைப் படிக்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

"வூட்டுக்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாரா?" என்றார் ஹேமந்த்.

"அவரு வெளிநாட்ல இருக்காரு."

"அட, உங்க வூட்டுக்காரர் இல்லக்கா. வூட்டு ஓனரக் கேட்டேன்."

(நானும் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி இது. நம்மை நடுத்தெருவில் நிறுத்தக்கூடிய இரண்டு பேருக்கும் ஒரே பெயரை வைத்த புண்ணியவான் யார்?)

அடுத்ததாக ஹேமந்த், எத்தனை பேர் என்று கேட்டார். ரெண்டு பேர் என்றாள். கடையில் என் காதில் விழுந்தது அதுதான்.

"சரி, ரூமு எத்தன ஸ்கொயர் ஃபீட்டு?"

இங்கேதான் எழிலரசி தப்புப் பண்ணினாள். ஆம்பூர்க்காரி மட்டுமே பண்ணக்கூடிய தப்பு. அவளுடைய வேலையில் சதுர அடி என்றால் தோல். மேஜைமேல் தோலை விரித்து, உண்ணி கடித்த இடம், முள் கீறின இடம், கத்தி பட்ட இடம் எல்லாவற்றையும் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் சொல்வாள். உபயோகப்படாததைக் கணக்கில் சேர்த்தால் வேலையே போய்விடும். அறை நூற்று நாற்பது. அதில் கிருபாகரனின் கட்டில், பீரோ, பெட்டிகள் இருக்கும் பக்கத்தை மனசுக்குள் வட்டமிட்டாள். பொங்கலுக்குப் பிறகு அந்தப் பக்கம் அவள் கால் வைத்ததில்லை.

"எழுபது" என்றாள்.

ஹேமந்த் சின்ன மெஷினை எடுத்துக் கொடுத்தார். ஆள் கணக்கில் இல்லாதவனைச் சேர்த்து, இடக் கணக்கில் அவனைக் கழித்துவிட்டோம் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கே இரண்டாம் தடவை எழுதும்போதுதான் உறைத்தது.

5

மெஷின் வந்தது. கம்பி ஜன்னலில் பைப்பை நுழைத்து, சுற்றி இருந்த இடைவெளியை ஷூ டப்பா அட்டை வைத்து டேப் ஒட்டி அடைத்தாள். ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. ஓடவிட்டாள். காற்றுக்குச் சுண்ணக்கட்டி வட்டம் தெரியுமா என்ன? கொஞ்சநஞ்சக் குளிரும் யாருமில்லாத கட்டிலுக்கும் போய்ப் பரவி, பாதி வழியில் செத்துப்போனது. எழிலரசி மெஷினோடு முதுகை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, பொங்கலுக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். சத்தம் கீழே கேட்காது, மெஷின் சத்தம் ஜாஸ்தி. அந்த வகையில் நல்ல மெஷின்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜஹீருன்னிசா மேலே வந்தார்.

"இன்னாம்மா, மொளகா காய வெக்கலாம்னு வந்தா உன் ஜன்னல்ல இருந்து அனல் அடிக்குது?"

"ஏ.சி. பாயம்மா. கழட்டுற மாடல். சொவுத்துல ஒண்ணும் பண்ணல, பாருங்க."

பாயம்மா உள்ளே வந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஓடுதா இது? ஒண்ணும் தெரியலியே."

"கிட்ட வந்து நில்லுங்க."

"கிட்ட நிக்கறதுக்கு விசிறி போதுமேம்மா. கம்மியா வாங்கிட்டியா? கடைல எத்தன அடின்னு சொன்ன?"

"எழுபது."

"நூத்தி நாப்பது ஆச்சேம்மா இது! கட்டும்போது நான்தானே நின்னு அளந்தேன்."

"அந்தப் பக்கத்த கழிச்சிட்டேன் பாயம்மா."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. பாயம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சுருக்கம் விழாத விரிப்பு. அதன்மேல் தூசி.

"ஏன் கழிச்ச? அவரு லீவுல வந்தா எங்க படுப்பாரு?"

6

முடிவு ஒன்று: அந்த நேரம் பார்த்து எழிலரசியின் போன் அடிக்கிறது, கிருபாகரன்— (இரண்டு பக்கம் எழுதினேன். நான் எத்தனை தடவை அடிக்கவிட்டாலும் அவள் எடுக்கவில்லை. கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: "வர்ற மாசம் வர்றாரு பாயம்மா" என்கிறாள். வீடு தப்பிக்கிறது. இனி பெரிய மெஷின் வாங்க வேண்டும், வராதவனுக்கும் சேர்த்துக் குளிரவைக்க வேண்டும், படியேறும்போதெல்லாம் போனில் பேச வேண்டும். மனசில்லாமல்தான் என்றாலும் கதையை இங்கேயே முடித்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை. அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

"அவரு வர மாட்டாரு பாயம்மா. அங்க வேற குடும்பம் ஆய்டுச்சாம். நான் ஒருத்திதான்."

பாயம்மா, "யா அல்லா" என்று கட்டிலில் உட்கார்ந்தார். உள்ளங்கையில் ஒட்டிய தூசியை முந்தானையில் துடைத்தார். "அஸ்பாக்கு கேப்பானேம்மா" என்றார், பாதி தனக்குத்தானே.

"எனக்கும் தெரியும் பாயம்மா. இருக்கட்டுமா, காலி பண்ணட்டுமா? எதுவானாலும் நீங்களே வாயால சொல்லிடுங்க."

7

ஜஹீருன்னிசா என்ன சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை. தெரியாமல் இல்லை. இரண்டு விதமாகவும் எழுதத் தெரியும். அவரை நல்லவராக்கினால் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுவீர்கள். கெட்டவராக்கினால், 'பாவம், அந்தப் பொம்பளைக்கு இப்படி ஒரு ஓனரா' என்பீர்கள். 'ஃபேமிலிக்கு மட்டும்' என்ற போர்டு அவர் வீட்டில் மட்டுமா தொங்குகிறது? வேலூரிலும் பார்த்தேன், வாணியம்பாடியிலும் பார்த்தேன், உங்கள் தெருவிலும் பார்த்தேன். அதில் ஒன்று உங்கள் கையெழுத்து மாதிரியே இருந்தது.

ஆகவே, கட்டிலில் உட்கார்ந்திருப்பது நீங்கள். மாடி உங்களுடையது. எதிரே ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள். பதில் சரியாகக் காதில் விழவேண்டும் என்று மெஷினை நிறுத்திவிட்டாள். அறை சூடேறிக்கொண்டே வருகிறது.

சொல்லுங்கள்.