தொட்டிக்குள் சுற்றுலா

...கைப்பிடி வைத்திருக்கிறார்கள், பளபளவென்று எவர்சில்வரில், இரண்டு பக்கமும், டிக்கெட் வாங்கியவர்கள் வழுக்கி விழுந்துவிடக் கூடாதாம், சத்தார் இறங்கியபோது ஒரு கயிறுகூட இல்லையே, அதை யாரிடம் போய்க் கேட்பது... கௌசர் காலரில் குத்தியிருந்த மைக்கைச் சரிசெய்துகொண்டு “பாத்து எறங்குங்க” என்றாள், குரல் இனிமையாக வந்தது, அந்த இனிமை மேல்தான் முதலில் ஆத்திரம். ஆம்பூரில் மூடிக்கிடந்த தோல் பதனிடும் ஷாப்பை மியூசியம் ஆக்கியதும் முதலாளியின் பேரன் ஷோயப்தான் அவளைக் கூப்பிட்டு கைடு வேலை கொடுத்தான், வேலையா, வாய்க்குப் பூட்டா? கழிவுநீர்த் தொட்டியைக் கழுவி, வெள்ளையடித்து, மஞ்சள் விளக்குப் போட்டு, உள்ளே இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். விஷவாயு அடித்து அவள் புருஷன் விழுந்த இடம். “சாவு கதையெல்லாம் வேணாம் பாஜி, சோகம் ஜாஸ்தியானா வர்றவங்க பேஜாராயிடுவாங்க” என்றான், அக்கா என்று உறவு கொண்டாடி. மீறினால் வேலை இருக்காது என்று சொல்லவில்லை, சிரித்தான், அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தெரியாதவளா அவள், இந்தச் சம்பளத்தில்தானே மகள் நர்சிங் படிக்கிறாள்...

கீழே ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு செல்ஃபி எடுத்தான். எதற்குப் பொத்துகிறான், பினாயில் வாசனைக்கா? நிஜ நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது, பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியும், அந்த நாற்றம் இப்போது கிடைத்தால்கூட... “எந்தக் கடை பிரியாணி நல்லாருக்கும்மா? இதைப் பாத்தப்புறம் எறங்குமான்னுதான் டவுட்டு” என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், பழக்கம், சிரித்த வாயை அறைய வேண்டும்போல் இருந்தது. மேலே ஷோயப், வெளிநாட்டு ஷூ கம்பெனிக்காரர் ஒருவரோடு, எதையோ பெருமையாகக் காட்டிக்கொண்டு... நிற்கட்டும், நன்றாகக் கேட்கட்டும். “இந்தத் தொட்டியில ஒருத்தர் செத்துப்போயிருக்காரு” என்றாள். நாலு சுவரும் அதைத் திருப்பிச் சொன்னன. “பேரு சத்தார். என் வூட்டுக்காரர்.” செல்போன்கள் தாழ்ந்தன. ஷோயப் படியில் கால் வைத்தான். வரட்டும், வேலை போகட்டும், மகளுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம், தொண்டையில் இத்தனை நாள் கிடந்தது வெளியே வந்துவிட்டது, இனி அதை எந்த பினாயில் ஊற்றிக் கழுவுவான்?

“உள்ள ஏம்மா எறங்குனாரு? அவரு வேலையா அது?” கணியம்பாடியிலிருந்து வந்த ஒரு பெண், தோளில் தூங்கும் குழந்தையோடு, அக்கறையாகத்தான் கேட்டாள். இல்லை, அவர் வேலை இல்லை, அவர் ஷிப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தார், அடைப்பு எடுக்க இறங்கிய பையனிடமிருந்து சத்தம் வரவில்லை என்று குதித்தார், அந்தப் பையன் பெயர் பூவரசன், அவனும்தான் எழுந்து வரவில்லை, இரண்டு பேரையும் சேர்த்துத்தான் இழுத்துப் போட்டார்கள், அப்படியானால் ஒருத்தர் என்று ஏன் சொன்னாள்... அவன் இறங்காமல் இருந்திருந்தால், அவன் அன்றைக்கு லீவு போட்டிருந்தால், என்று தொழுகைக்கு உட்கார்ந்த நேரத்தில்கூடச் சபித்திருக்கிறாள், அவன் அம்மா வந்து வாசலில் நின்று அழுதபோது கதவைத் திறக்கவில்லை, பாவம் அவனுக்கு மட்டும் என்ன கைப்பிடி இருந்தது... ஷோயப் கடைசிப் படிக்கு வந்துவிட்டான், அந்தப் பெண் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கௌசர் வாயைத் திறந்தாள், பெயர் வரவில்லை. பூவரசனைப் பற்றிப் பேசாதே என்று ஷோயப்கூட அவளிடம் சொன்னதில்லையே.