தெருவில் கழற்றிய செருப்பு

“செருப்பைப் போடுங்க மதினி! ஊரே பார்க்குது!”

“பார்க்கட்டும். கோயில்ல செருப்போடயா நிப்பாங்க?”

“இது கோயிலா? தெரு! எருமை போற தெரு!”

“கத்தாத வஹீபு. பூசை நேரம்.”

வஹீப் தெருவை முன்னும் பின்னும் பார்த்தான். செத்துப்போன அண்ணனின் பெண்டாட்டி, அதிலும் தாயில்லாத தன் மகள் யுஸ்தினாவை வளர்த்துவிட்டவள். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டா போக முடியும்?

கெய்ரோவுக்குத் தெற்கே, மினியா பக்கத்து ஊர் அது. அனுமதி வாங்காத கிறிஸ்தவக் கோயில் என்று சிலர் கல்லெறிந்தார்கள். தவக்காலம் தொடங்கிய வாரமே போலீஸ் வந்து, உங்கள் நன்மைக்குத்தான் என்று கதவுக்குச் சீல் வைத்துவிட்டுப் போனது. நம் ஆண்பிள்ளைகளுக்குக் கோபமான கோபம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு அரசாங்கத்தைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். அதில் வஹீபின் குரல்தான் ஓங்கி நின்றது, ஜன்னலைத் தாண்டாத அளவுக்கு.

வஹீபின் மதினி பெப்ரோனியா ஒருத்திதான் ஞாயிறு காலையில் வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, பூசை முடிகிற நேரம்வரை மண்ணில் நின்றாள். பாட்டில்லை, கோஷமில்லை. முடிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு பருப்பு வேகவைக்கப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் யாரோ அவள் செருப்பில் சாணியை அப்பினார்கள். வாய்க்காலில் கழுவினாள், அதையே போட்டுக்கொண்டு நடந்தாள். எதிர்வீட்டு நஃபீஸா பள்ளிவாசல் போகிற குடும்பம்தான். அவள் வாசலுக்கு வந்து, இன்னார் மகன், இன்னார் பேரன் என்று பெயர் சொல்லி ஏசிவிட்டு, செருப்பை நிழலில் நகர்த்தி வைத்தாள்.

பிறகு பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அப்புறம், “சும்மா பார்க்கத்தான் வந்தோம்” என்று ஆண்கள். குருத்தோலை ஞாயிறன்று தெரு முழுக்கச் செருப்பு. வஹீபும் வந்தான், கடைசியாக. புதுச் சப்பாத்தை யாராவது அடித்துக்கொண்டு போய்விடுவான் என்று தன் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு வந்தான்.

அவனுக்கு வேறு அவசரமும் இருந்தது. ஈஸ்டர் கழிந்து யுஸ்தினாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் தாய் சொல்லி அனுப்பியிருந்தாள்: “கோயில் இல்லாத ஊர்ல நாங்க வந்து நிக்க மாட்டோம். பொண்ணை நீங்களே மூட்டை கட்டிக் கொண்டுவந்து போட்டுருங்க.”

இந்த நேரத்தில்தான் உம்தா, ஊர்த்தலைவர், தன் கூடத்தில் சமாதானக் கூட்டம் போட்டார். எங்கள் பக்கத்துச் சமாதானம் தெரிந்ததுதானே? இரண்டு பக்கமும் கன்னத்தில் முத்தம், புகார் வாபஸ், அப்புறம் ஊர்ச் சூடு ஆற ஒரு குடும்பம் வெளியேறணும். கல்லடி பட்டவன் குடும்பம்தான் எப்போதும்.

“கோயில் திறக்கட்டும்,” என்றார் உம்தா. “தெருவுல செருப்பு கழட்ட ஆரம்பிச்ச வீடு மட்டும் வேற ஊர் பார்த்துக்கட்டும்.”

“விதவைப் பொம்பள, எங்கய்யா போவா?” என்று நஃபீஸாவின் புருஷன் எழுந்து நின்றார். அவரை உட்கார வைத்தார்கள்.

“வஹீபு, அந்த வீட்டுக்கு ஆம்பள நீதான். என்ன சொல்ற?”

வஹீப் மதினியை நினைத்தான். மகளின் மூட்டையையும் நினைத்தான். மூட்டை கனத்தது.

“சரிங்க.”

வீட்டில் பெப்ரோனியா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் சொன்னான்.

“கோயில் திறக்குதா?”

“ஈஸ்டருக்கே.”

“எனக்காக யாராவது பேசினாங்களா?”

“நஃபீஸா புருஷன் பேசினார்.”

“நம்ம ஆளுங்க?”

“டீ குடிச்சாங்க.”

“நீ?”

அவன் தேய்த்த பாத்திரத்தை எடுத்து அடுக்கினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போர்வையை மடிக்கத் தொடங்கினாள்.

ஈஸ்டருக்குக் கதவு திறந்தது. பாதிரியார் அபூனா தைரியத்தைப் பற்றி அருமையாகப் பிரசங்கம் செய்தார். ரோமாபுரிக்காரன் காலத்துத் தியாகிகள் பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடம். போன வாரத்துப் பெயர்தான் வாயில் வரவில்லை.

யுஸ்தினாவின் கல்யாணம் அதே கோயிலில் ஜாம் ஜாமென்று நடந்தது. அவள் மாப்பிள்ளை ஊரான அஸ்யூத்துக்குப் போனாள். பெப்ரோனியா கெய்ரோவில் ஷுப்ராவில், தூரத்துச் சொந்தம் ஒருத்தியின் மாடியறைக்குப் போனாள். திரும்பி வரவேயில்லை. அவள் வீட்டில் வஹீப் எருமை கட்டியிருக்கிறான். யுஸ்தினா தலைப் பிரசவத்துக்கு அப்பன் வீட்டுக்கு வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரயிலேறி ஷுப்ராவுக்குப் போனாள்.