குச்சி வைத்த சூளை

தோன் மக்ளோவியோ செங்கலைக் கையால் தொட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கே நினைவில்லை. ஆனாலும் சூளைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவர் அவர்தான். செங்கலைத் தொடாமல் இருப்பதுதான் தலைவருக்கு அழகு என்று ஊரில் எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஒத்துக்கொள்ளாதவனுக்கு லாரியில் சுமை ஏற்றும் முறை வருவதேயில்லை. அப்படிப்பட்ட மனிதருக்கு அறுபது வயது நிறைகிறது. கேக் வேண்டும். அதுவும் சூளை மாதிரியே, புகைபோக்கியோடு.

"உசரமா இருக்கணும் ஒப்தூலியா. கடைசி வரிசையில உக்காந்து குடிக்கிறவனுக்கும் தெரியணும்."

"தெரியும் தலைவரே."

"உச்சியில நான் நிக்கணும்."

"நீங்களா?"

"சர்க்கரையில செஞ்ச நான், லூசு."

"மீசையோடவா?"

"மீசையோட. வயிறு மட்டும் வேண்டாம்."

ஒப்தூலியா சிரிக்கவில்லை. பகலெல்லாம் சூளையிலிருந்து சூட்டோடு செங்கல் இறக்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் வீட்டில் கேக் செய்கிறவள் அவள். பீர் புட்டி, மல்யுத்தக்காரன் முகமூடி, காலணி, பன்றிக்குட்டி, யார் என்ன கேட்டாலும் கேக்கில் வரும். அடுப்புக் கதவு கம்பியால் கட்டப்பட்டிருந்தது. விரல்களில் காய்ப்பு. அந்த விரல்களால் சர்க்கரையில் ரோஜா இதழ் செய்வாள். பார்க்கிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள். ஆச்சரியப்பட்டுவிட்டு விலையைக் குறைக்கச் சொல்வார்கள்.

ஆனால் இந்தக் கேக்கை அவள் இலவசமாகச் செய்யவும் தயாராக இருந்தாள். தலைவரின் மகள் யெசேனியாவுக்கு அடுத்த மாதம் பதினைந்து வயது நிறைகிறது. பெண்ணுக்குப் பதினைந்து நிறைவது அந்த ஊரில் கல்யாணத்துக்குச் சமம். ஏழு சூளைச் சனமும் விருந்துக்கு வரும். மண்டபம் பிடித்தாயிற்று, குடை மாதிரி விரியும் கவுன் தைக்கக் கொடுத்தாயிற்று, கேக் மட்டும் பாக்கி. அந்தக் கேக் யார் கைக்கு வருகிறதோ, மண்டபக்காரர் பிறகு ஒவ்வொரு விசேஷத்துக்கும் அவளைத்தான் கூப்பிடுவார். அவள் அப்புறம் செங்கல் சுமக்க வேண்டியதில்லை. ஒப்தூலியாவின் முதுகுக்கு இது நன்றாகத் தெரியும். எதிர்வீட்டுத் தமியானாவின் முதுகுக்கும் தெரியும். தமியானாவும் கேக் செய்கிறவள்தான். பாலில் ஊறிய கேக், தட்டையாக, தட்டோடு. தட்டைச் சாய்த்தால் கேக் நடந்து போய்விடும்.

"அறுபதாவது பொறந்தநாள்ல யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் எம் பொண்ணோட கேக்," என்று தலைவர் இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார். சங்கத்தை நடத்துவதும் இப்படித்தான்.

அந்த ஊரில் கேக் செய்கிற எவளும் கேட்கிற ஒரு கேள்வியை ஒப்தூலியாவும் கேட்டாள். "கடி உண்டா தலைவரே?"

பாட்டுப் பாடி மெழுகுவர்த்தி அணைத்ததும் கூட்டம் "கடி! கடி!" என்று கத்தும். பிறந்தநாள்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து கேக்கை வாயால் கடிக்க வேண்டும். பின்னால் நிற்கிற பாசக்காரன் எவனாவது பிடரியைப் பிடித்து முகத்தை உள்ளே அமுக்குவான். எவ்வளவு ஆழமாக அமுக்குகிறானோ அவ்வளவு பாசம். அதனால் கடி உண்டென்றால் கேக்குக்குள் முட்டுக்கொடுக்கத் தடித்த உறிஞ்சுகுழல்தான் வைப்பார்கள். குழல் மடங்கும், முகம் தப்பிக்கும். கேக் மட்டும் அவ்வளவு உசரம் போகாது.

"கடியாவது கிடியாவது!" தலைவர் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்வரிசையில் புதுப்பற்கள், குளியலறை ஓடு மாதிரி வெள்ளை வெளேரென்று. "போன மாசந்தான் வச்சேன். எவனாவது பிடரியில கை வச்சான்னா, சூளைக்குள்ள வச்சுச் சுட்டுருவேன்."

தலைவர் வாக்கு. ஒப்தூலியா நம்பினாள். சூளையில் இத்தனை காலம் வேலை பார்த்தவள் தலைவர் வாக்கை நம்பினாள் என்றால், அவளுக்கு அந்தக் கேக் எவ்வளவு தேவைப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிப்பாகம் பிரச்சினையில்லை. பெரிய சதுரம், செங்கல் செங்கலாக ஃபாண்டன்ட் சர்க்கரைத் தகடு ஒட்டினால் போதும். புகைபோக்கிதான் நிற்க மறுத்தது. குழல் வைத்தாள், சாய்ந்தது. மூங்கில் குச்சி வைத்தாள், சாய்ந்தது. கடைசியில் துடைப்பக் கம்பை அறுத்து, அடிப்பலகையில் ஆணியடித்து நிறுத்தினாள். வட்ட வட்டமான கேக்குகளை அதில் செருகும்போது வெடிக்காமலிருக்க, கம்பின் நுனியைக் கத்தியால் சீவிக் கூராக்கினாள்.

புருஷன் நபோர் வாசலில் நின்று பார்த்தான். "கேக் செய்யறியா, பன்னி வேட்டைக்குப் போறியா?"

"கடி கிடையாதுன்னுட்டாரு."

"குடிக்கறதுக்கு முன்னாடி சொன்னாரா, குடிச்ச பொறவா?"

"வாயை மூடிட்டு அந்தப் பஞ்சு மிட்டாயை எடு. புகை வைக்கணும்."

விருந்தன்று காலையில் தலைவர் வீட்டுச் சமையலறையில் கேக்கை நிறுத்தினாள். செங்கல் செங்கலாய்ச் சிவந்த சூளை. அதன்மேல் புகைபோக்கி, மேசையில் நிறுத்தினால் உச்சி அவள் மார்பளவு. உச்சியில் மீசையோடும் வயிறில்லாமலும் சர்க்கரைத் தலைவர், அவரைச் சுற்றிப் பஞ்சு மிட்டாய்ப் புகை. கப் கேக்குகளை எடுத்துவர வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, தமியானா தன் பால் கேக்குத் தட்டோடு அங்கே நின்றிருந்தாள். சூளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அழகா இருக்குடி," என்றாள். "சாப்பிடவும் முடியுமா?"

"உன்னுதை மாதிரி உறிஞ்ச வேண்டியதில்ல."

மாலையில் முற்றம் நிரம்பியது. ஊதுகுழலும் மேளமும் காதைப் பிளந்தன. மோலே குழம்பு தீர்ந்தது, பீர் தீர்ந்தது, மறுபடி பீர் வந்தது. இரண்டு பேர் சூளைக் கேக்கை முற்றத்து நடுவில் பிளாஸ்டிக் மேசைக்குத் தூக்கி வந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எல்லாப் போனும் மேலே எழுந்தது. தலைவர் ஒப்தூலியாவைத் தேடிப் பிடித்து, கண்ணடித்தார். யெசேனியாவின் கேக் கையில் விழுந்த மாதிரிதான். திங்கட்கிழமை மேஸ்திரியிடம் என்ன சொல்லிவிட்டு வேலையிலிருந்து நிற்பது என்று ஒப்தூலியா மனசுக்குள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தாள். நல்ல வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை.

பாட்டு முடிந்தது. மெழுகுவர்த்தி அணைந்தது. பின்வரிசையில் எவனோ ஆரம்பித்தான்.

"கடி! கடி!"

தலைவர் சிரித்துக்கொண்டே பல்லைக் காட்டி, விரலை ஆட்டினார்.

"தலைவர் பயப்படறாருடோய்!"

சங்கத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. பல்லுக்குப் பயந்த தலைவர் முதலாளிக்கு எப்படிப் பயப்படாமலிருப்பார் என்று நாளைக்கு எவனாவது கேட்பான். தலைவர் பீரை ஒரே மடக்கில் குடித்தார். புட்டியை வீசினார். கைகளைப் பின்னால் கட்டினார். அவர் பிடரிக்குப் பின்னால் துணைத்தலைவர் ஃபுல்ஹென்சியோ வந்து நின்றான். இத்தனை வருஷமும் தலைவருக்குக் கதவு திறந்துவிட்ட பாசம் அவ்வளவும் அவன் உள்ளங்கையில் இறங்கியிருந்தது.

"தலைவரே, வேண்டாம்! உள்ள குச்சி!" ஒப்தூலியா கத்தினாள். ஊதுகுழல்காரன் அதைவிடச் சத்தமாக ஊதினான். "ஐயோ நிறுத்துங்கடா!"

எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். பாவம், கேக் கெட்டுப்போகிறதே என்று அழுகிறாள் போல.

சர்க்கரைத் தலைவருக்கு நேர்மேலே நிஜத் தலைவர் குனிந்தார். சர்க்கரைத் தலைவரின் காலடியில் ஒரு விரல் ஆழத்தில் கூர் இருக்கிறது. ஒப்தூலியா ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். நாளெல்லாம் செங்கல் தூக்குகிற தோள். அந்தத் தோளால் அடிப்பலகையை ஒரே இடி.

சூளை, புகைபோக்கி, புகை, மீசை எல்லாம் சிமெண்ட் தரையில் சரிந்தன. ஃபுல்ஹென்சியோவின் கை அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது. தலைவரின் முகம் வெறும் மேசையில் போய் மோதியது. சடக்கென்று ஒரு சத்தம்.

மேளம் நின்றது. தலைவர் நிமிர்ந்தார். முன்பல்லில் ஒன்று மேசையில் கிடந்தது, குளியலறையிலிருந்து பெயர்ந்த ஓடு மாதிரி.

"பைத்தியமாடி உனக்கு!" தலைவரின் மனைவி பாய்ந்தாள்.

அப்புறம் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கேக் சிதைவுக்கு நடுவில், சாய்ந்து கிடந்த பலகையிலிருந்து துடைப்பக் கம்பு நீட்டிக்கொண்டிருந்தது. கூர்நுனியில் சர்க்கரைத் தலைவர் குத்துப்பட்டுத் தொங்கினார், மீசை கலையாமல்.

தலைவர் அதையே நெடுநேரம் பார்த்தார். பயம் வந்தது தெரிந்தது. ஆனால் தலைவர்களுக்குப் பயம் வந்தால் வந்தபடி இருக்காது, உடனே வேறொன்றாகிவிடும்.

"சதி," என்றார். "தேர்தல் வருதுல்ல? என்னைத் தீர்த்துக்கட்டப் பாத்திருக்கானுங்க."

ஃபுல்ஹென்சியோவுக்கு அவசரம். பிடரியை அமுக்கிய கை அவனுடையது. "தமியானாவோட தம்பி எதிரணியில நிக்கிறான், தலைவரே. காலையில சமையல்கட்டுல கேக்குகூடத் தனியா நின்னவ அவதான்."

கூட்டம் தமியானா பக்கம் திரும்பியது. கரண்டியும் கையுமாக அவள் பால் கேக்குக்குப் பின்னால் நின்றாள். வாய் திறந்திருந்தது. பேச்சு வரவில்லை. அவளுக்குப் பேச்சு வராமல் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

தலைவர் ஒப்தூலியாவின் தோளில் கை போட்டார். "நீ எம் உசுரைக் காப்பாத்தின, புள்ள. இவ கம்பைச் செருகுனதை நீ பாத்துட்ட. அதான ஓடியாந்த? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. யெசேனியா கேக் உனக்குத்தான். இப்பவே சொல்றேன், எல்லாரும் சாட்சி."

ஒப்தூலியா தமியானாவைப் பார்த்தாள். பால் கேக்கு, எகத்தாளம், எதிர்வீட்டிலிருந்து ஜன்னல் வழியே இவள் வாடிக்கைக்காரர்களை எண்ணிக்கொண்டிருக்கிற கண்கள். ஒரு வார்த்தை போதும். தமியானாவின் தம்பிக்கு மட்டுமல்ல, அவள் வீட்டில் யாருக்குமே இனி எந்தச் சூளையிலும் வேலை இருக்காது. அந்த வார்த்தை ஒப்தூலியாவின் நாக்கு நுனிவரை வந்து, தித்திப்பாகவே உட்கார்ந்திருந்தது.

"அது எங்க வீட்டுத் துடைப்பக் கம்பு, தலைவரே," என்றாள். "நாந்தான் வச்சேன்."

"என்னது?"

"நாந்தான் சீவினேன், நாந்தான் ஆணியடிச்சேன். நீங்க உசரம் கேட்டீங்க. கடி கிடையாதுன்னீங்க. கடி இல்லேன்னா கம்பு வைக்கலாம். இவளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"யோசிச்சுப் பேசு."

"யோசிக்க என்ன இருக்கு? இவ்வளவு உசரத்துக்குக் கேக் எழுப்ப அவளுக்குத் தெரியவே தெரியாது."

தமியானாவுக்குப் பேச்சு திரும்பியது. "யாருக்குடி தெரியாது? இந்தப் புகைபோக்கி என்ன, மாதா கோயில் கோபுரமே எழுப்புவேன் நான்!"

"பாலு வழிஞ்சு கோபுரம் ஆத்துல போகும்."

"பாலாவது ஊத்தறேன். நீ ஈட்டி வைக்கிற!"

யாரோ சிரித்தார்கள். ஒருவன் சிரித்ததும் சதி செத்துப்போயிற்று. சிரிப்பு முற்றம் முழுக்கப் பரவியது. தலைவரின் முகம் சுட்ட செங்கல் நிறத்துக்கு வந்தது. பல்போன சந்தில் காற்று போக, சத்தமாக அறிவித்தார். யெசேனியாவின் கேக் நகரத்தில், ஏசி போட்ட கடையில் செய்யப்படும். இந்த இரண்டு பேரும் வாசப்படி மிதிக்கக்கூடாது. மேளக்காரர்களே, வாசியுங்கள்.

ஒப்தூலியா அடிப்பலகையை எடுத்துக்கொண்டாள். நபோர் மிஞ்சிய கப் கேக்குகளைத் தூக்கினான். தெருவில் கொஞ்ச தூரம் போனதும் பலகையையும் அவனே வாங்கிக்கொண்டான். அதுவே அவனிடமிருந்து வந்த பெரிய ஆறுதல்.

"திங்கட்கிழமை சூளைக்குப் போகணும்," என்றாள் அவள்.

"ம்."

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. லாரி டிரைவர் பொண்டாட்டி மக்தலேனா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, நில்லு. எங்க மாமியாருக்கு வர்ற வாரம் எழுபது. ஒரு கேக் வேணும்."

ஒப்தூலியா நின்றாள். "என்ன மாதிரி?"

"என்ன மாதிரின்னாலும் சரி. உசரமா இருக்கணும்."

"கடி உண்டா?"

மக்தலேனா திரும்பித் தெருவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"கண்டிப்பா உண்டுக்கா. நாந்தான் பிடரி பிடிக்கப் போறேன்."