கஞ்சிக்குப் போன மூட்டை

"எடது பக்கம் எறங்கி இருக்காக்கா?" என்று கேட் மேல் ஏறி நின்று ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்த பிரஜின் கேட்டபோதுதான் கலைச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். கையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை அப்படியே கீழே வைத்தாள்.

ஃபிளெக்ஸில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். தலையில் அரிசி மூட்டை, ஒரு கை மூட்டையில், ஒரு கை இடுப்பில், வாயெல்லாம் பல். உள்ளே ஐஸ் பெட்டியில் கிடக்கிற லிங்கத்துக்கு இந்த லிங்கம் மகன் என்று சொன்னாலும் நம்பிவிடுவார்கள். கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனால் சட்டைப் பொத்தான்கூடத் தெளிவாகத் தெரிந்தது. தெரியாமல் எங்கே போகும்? அதை ஸ்கேன் செய்ததே கலைச்செல்விதான்.

"இது எங்கேருந்து கிட்டிச்சு ஒனக்கு?"

"நீதானேக்கா போன வருஷம் குரூப்பில லிங்க் போட்ட. மாமாக்கு வேற நல்ல போட்டோ இல்லல்லா. ஆதார்ல உள்ளத வச்சா ஆளையே தெரியாது. கீழ என்னமோ இங்கிலீஷ்ல இருந்துது, அத வெட்டிட்டேன்."

பிரஜின் அத்தை மகன். கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். எதையும் தேடி எடுத்துவிடுவான், எடுத்ததை வாசிக்க மட்டும் மாட்டான்.

பழைய ஆய்வேடுகளை ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் வாசிக்கும்படி இணையத்தில் ஏற்றுவது பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் கலைச்செல்வியின் வேலை. போன வருஷம் ஒருநாள், சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர்களைப் பற்றிய ஓர் ஆய்வேட்டைப் புரட்டியபோது அப்பா வந்து விழுந்தார். அன்று பஸ்ஸிலேயே குடும்ப குரூப்பில் லிங்க்கைப் போட்டுவிட்டு, இறங்கி வீடு வரைக்கும் ஓடியே வந்தாள். அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது, வாசி என்றார்.

அவளும் சந்தோஷத்தில் முன்பின் யோசிக்காமல் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். 'வேலைநிறுத்த நாளிலும் முதலாளிக்குச் சுமை தூக்கும் தமிழ்த் தொழிலாளி. போராட்டம் முறிந்ததற்கு இவர்களும் ஒரு காரணம்.' சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று காதில் விழுந்தது.

"அது கஞ்சிக்கு உள்ள அரிசில்லா" என்றார் அப்பா, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே.

அந்த வேலைநிறுத்தம் நீண்டுகொண்டே போனபோது, பட்டினி கிடந்தவர்களுக்காகச் சங்கம், தொழிலாளிகள் கூடி உட்காரும் ஷெட்டிலேயே கஞ்சி காய்ச்சியது. யாரோ கொடுத்த அரிசியை அப்பா தலையில் வைத்துக் கொண்டுவந்தார். எதிரே ஒருவர் கேமராவோடு நின்றார், இவர் சிரித்தார். மூட்டை எங்கே போகிறது என்று அவர் கேட்கவில்லை.

"அத எடுத்திரு மக்கா. ஷெட்டுல எவனாச்சும் பாத்தா நான் எந்த மூஞ்ச வச்சிட்டு அங்க போய் இருக்க?"

எடுப்பது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. பாதிக்கப்பட்டவர் களஞ்சியத்துக்கு ஒரு கோரிக்கை எழுதினால் போதும். உடனே ஒரு தானியங்கிப் பதில் போகும், அதன் வாசகத்தை எழுதியதும் கலைச்செல்விதான். பிறகு ரேஷ்மி மேடம் பார்த்து முடிவு செய்வார். ஆனால் கோரிக்கையில் முதல் கேள்வியே, படத்தில் இருப்பவர் உங்களுக்கு என்ன உறவு என்பது. அங்கேதான் அவளுக்குக் கை ஓடவில்லை. வேலைக்குச் சேர்ந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் மேடம் கேட்டபோது, அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் கடை என்று சொல்லியிருந்தாள். முப்பது வருஷம் கடை வாசலில் நின்றவர்தானே என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

அப்பா அவ்வப்போது கேட்பார். ரூல்ஸ் இருக்கிறது, நாளாகும் என்பாள். அவர் அதையும் நம்பினார். மாலையானால் ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறவர், போவதை நிறுத்தினார். முட்டுவலி என்று அம்மா நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டாள்.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் அப்பா ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு கேட்டார்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுப்பா."

"அப்பம் ஷெட்டுல சொல்லிரு. அவங்கதான் என்னத் தூக்கணும். வேற ஒருத்தனும் வேண்டாம்."

அதற்குப் பிறகு அவர் நன்றாகத் தூங்கினார். அதுதான் கலைச்செல்விக்குப் பொறுக்கவில்லை.

இப்போது ஷெட்டிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். அவர்களில் யாராவது அந்த வரியை வாசித்திருந்தால்? அப்பா எந்தப் படத்தை மறைக்கச் சொன்னாரோ அதையே பெரிதாக்கி வாசலில் கட்டியாயிற்று. அவள் கயிற்றின் முடிச்சில் கை வைத்தாள்.

"அங்கயே இருக்கட்டும்டீ" என்றாள் அம்மா வாசற்படியிலிருந்து. "அவரு இப்பிடிச் சிரிச்சுப் பாத்து எவ்வளவு நாளாச்சு."

கலைச்செல்வி கையை எடுத்துக்கொண்டாள்.

ஷெட்டுக்காரர்களின் நீலச்சட்டைகள் சந்து முனையில் தெரிந்தன. முன்னால் வந்தவர் மகாராஜா, அப்பாவோடு ஒரே நாளில் சங்கத்தில் சேர்ந்தவர். நேராக உள்ளே வராமல் ஃபிளெக்ஸுக்கு முன்னால் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

"இது நம்ம கஞ்சி மூட்டையில்லா" என்றார் மகாராஜா. விரலை நீட்டி, மூட்டைக்குப் பின்னால் பாதியாகத் தெரிந்த ஒரு தோளைக் காட்டினார். "இது நானாக்கும். பாதி தூரம் நான் செமந்தேன், பாதி தூரம் அவன்."

அந்தத் தோளை அவள் எத்தனையோ தடவை திரையில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். அது யாரென்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் சாட்சிக்கு ஓர் ஆள் இருந்திருப்பார், கூப்பிடு தூரத்தில்.

மகாராஜா அவள் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு வருஷமாட்டு அவன் ஷெட்டு பக்கம் வரல்ல மக்கா. மகளுக்கு யூனிவர்சிட்டியில வேலை கிட்டுன பொறவு நம்மகூட இருக்கது அவனுக்குக் குறச்சலாட்டுத் தோணிருக்கும்னு நாங்க பேசிக்கிட்டோம். அப்பிடியா?"

"அப்பா அப்பிடி நெனைக்கல்ல மாமா" என்றாள். நினைத்தது அவள்தான். அவர் தலையை ஆட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு உள்ளே போனார்.

ரேஷ்மி மேடம் காரிலிருந்து இறங்கி வந்தபோது பெட்டியைத் திறந்திருந்தார்கள். மேடம் ஃபிளெக்ஸின் மூலையில் இருந்த சிறிய முத்திரையைப் பார்த்தார். களஞ்சியத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு பக்கத்திலும் விழுகிற முத்திரை அது. இது நம்முடைய தொகுப்பில் உள்ளதல்லவா என்று மலையாளத்தில் மெல்லக் கேட்டார்.

"ஆமா மேடம். எங்கப்பாவாக்கும்."

மேடம் படத்தைப் பார்த்தார், நீலச்சட்டைக்காரர்களைப் பார்த்தார். கடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கலைச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

தைக்காட்டுச் சுடுகாட்டுக்குப் போகிற வண்டி சந்துக்குள் வராது. வண்டியோடு வந்தவர்கள் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்தார்கள். வேண்டாம், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று மகாராஜா அவர்களை ஒதுங்கச் சொன்னார். பாடையின் தலைமாட்டில் போய் நின்றவர், தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்துப் பழக்கத்தில் சுற்றிச் சும்மாடாக்கித் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு சட்டென்று நினைவு வந்தவராக அதை எடுத்து உதறி, மடித்துத் தோளில் போட்டார். குனிந்து, மற்றவர்களுக்கு ஒரு சத்தம் கொடுத்தார். மூட்டை தூக்குகிற அதே சத்தம். அப்பா ஆடாமல் அசையாமல் மேலே போனார்.

ஆண்கள் போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். கலைச்செல்வி வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். கோரிக்கைப் பக்கத்தைத் திறந்து, உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினாள். அது கஞ்சிக்குப் போன மூட்டை என்றும், கூடச் சுமந்தவர் இருக்கிறார் என்றும் எழுதினாள். அனுப்பினாள்.

போன் உடனே அதிர்ந்தது.

'உங்கள் கோரிக்கை கிடைத்தது. விரைவில் பரிசீலிப்போம். இதுவரை பொறுத்திருந்ததற்கு நன்றி.'

கீழே, அனுப்பியவர் இடத்தில், அவள் பெயரே இருந்தது.