நாலு கை வேலை

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் இளைய மருமகள் தன் சைக்கிளைக் குற்றுயிரும் குலையுயிருமாக ஆக்கியிருந்தாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில், இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கிருந்து எட்டுப் பேர் மறுநாள் காலை மலைப்பாதையில் சைக்கிள் ஏறுவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில், பெடலை ஒட்டியிருக்கும் பெரிய பல்சக்கரத்திலிருந்து சின்னதுக்கு கியரை மாற்றினாள். செயின் சின்னதையும் தாண்டி உள்பக்கம் கழன்று விழுந்தது. செயினை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிவிடும் முன்பக்க டெரெய்லரில்தான் கோளாறு என்று கைபேசியில் பார்த்த வீடியோ சொன்னது. அதில் இரண்டு குட்டித் திருகுகள்: செயின் உள்பக்கம் விழாமல் தடுக்க ஒன்று, வெளிப்பக்கம் விழாமல் தடுக்க ஒன்று. கால் சுற்று திருப்புங்கள் என்றார் வீடியோக்காரர். இவள் முதலில் கால் சுற்று திருப்பினாள், பிறகு அரைச் சுற்று, அப்புறம் வந்த எரிச்சலில் கணக்கே வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது செயின் விழுவது நின்றுவிட்டது. பெரிய சக்கரத்துக்கு ஏறுவதும் நின்றுவிட்டது. பெடலைச் சுற்றினால் போதும், டெரெய்லரில் செயினின் இருபுறமும் நிற்கும் தகட்டுக் கூண்டில் உரசிக்கொண்டு 'சரக் சரக்' என்று உயிரை வாங்கியது.

முன்னறையில் துணி தைத்துக்கொண்டிருந்த ஓரகத்தி வாயில் இரண்டு குண்டூசியோடு வாசலுக்கு வந்தாள். அந்த வீட்டின் மூத்த மருமகள். மூன்று வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. 'சாப்டாச்சா', 'துணி காஞ்சிடுச்சா', அதோடு பேச்சு முடிந்துவிடும். அண்ணன் தம்பி இருவரும் அன்று விளையாட்டுப் போட்டி பார்க்கப் போயிருந்தார்கள்.

அவள் குண்டூசிகளைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டாள். "என்னம்மா அது, மரம் அறுக்கிற மாதிரி?"

"சாரிக்கா. கியர் சரியாகல. நாளைக்கு நான் போகப்போறதில்ல, விடுங்க."

சைக்கிள் சீட்டில் கயிறு கட்டி, துணி காயப்போடும் இரும்புக் குழாயில் தொங்கவிட்டிருந்தது. மூத்தவள் குந்தி உட்கார்ந்து பெடலைக் கையால் இரண்டு தடவை சுற்றினாள். பிறகு எழுந்து சைக்கிளுக்கு மேலே குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். துணியில் நேர்க்கோடு பார்க்கிற அதே பார்வை.

"இந்தக் கூண்டு சக்கரத்துக்கு நேரா இருக்கணுமா, கோணலா இருக்கணுமா?"

"நேராத்தான்."

"அப்ப ஏன் வால் பக்கம் உள்ள திரும்பியிருக்கு?"

இளையவள் எட்டிப் பார்த்தாள். உண்மைதான். போன வாரம் கணவன் காரின் டிக்கியில் சைக்கிளைப் படுக்கப் போட்டு, அதன் மேல் பெட்டியை வைத்து எடுத்து வந்தது நினைவுக்கு வந்தது. "அடப்பாவி மனுஷா!" என்றாள்.

மூத்தவள் சிரித்துவிட்டாள். "மெஷின்ல தையல் தப்பினா எல்லாரும் டென்ஷன் குமிழைத்தான் திருகுவாங்க. நூலே தப்பாக் கோத்திருக்கும். இதுவும் திருகுக் கோளாறு இல்லம்மா, உக்காந்த இடமே சரியில்ல. எல்லாத்தையும் கழட்டு, முதல்லேருந்து வருவோம்."

கியர் கேபிளைத் தளர்த்தினார்கள். டெரெய்லரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் பட்டையையும் தளர்த்தினார்கள். கூண்டைக் கையால் வெளியே தள்ளிப் பெரிய சக்கரத்துக்கு நேர் மேலே நிறுத்த வேண்டும். உள்ளே இருந்த ஸ்பிரிங் அதற்கு லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. மூத்தவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். பல்லுக்கும் கூண்டுக்கும் நடுவே ஒரு நாணயத்தின் கனம் மட்டும் இடைவெளி இருக்கவேண்டும் என்று வீடியோ சொல்லியிருந்ததால், இளையவள் நிஜமாகவே ஒரு நாணயத்தைச் செருகி, இன்னொரு கையால் பட்டையை முடுக்கினாள்.

"நேரா இருக்காக்கா?"

"ஒரு நூல் வெளிய. இன்னும் கொஞ்சம். நில்லு! முடுக்கு, முடுக்கு, கை வழுக்குது!"

அடுத்து செயினைச் சின்னச் சக்கரத்தில் போட்டு, உள்திருகைச் சரிசெய்தார்கள். கூண்டின் உள்தகடு செயினைத் தொடாமல், ஒரு தாள் நுழைகிற அளவுக்கு விலகி நின்றது. பிறகு கேபிளை விறைப்பாக இழுத்து முடுக்கினார்கள். மூத்தவள் பெடலைச் சுற்றிக்கொண்டே ஹேண்டில்பாரில் இருந்த கியர் லிவரை உள்ளே தள்ளினாள். செயின் ஒரு கணம் யோசித்துவிட்டு, 'டக்' என்று பெரிய சக்கரத்தில் ஏறியது.

"ஏறிடுச்சுடி!" என்று கத்தினாள் மூத்தவள். மூன்று வருஷத்தில் முதல் முறையாக 'டி' போட்டதை இருவருமே கவனித்தார்கள்.

வெளித்திருகுக்கு அரைச் சுற்று போதுமானதாக இருந்தது. ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, மூத்தவள் நூறு தடவையாவது கியரை மாற்றியிருப்பாள். ஒரு தடவைகூட செயின் விழவில்லை, உரசவில்லை. இருவர் கையிலும் முழங்கை வரை கரி.

"தெருவுல ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்று இளையவள் கயிற்றை அவிழ்த்தாள்.

"நான் ஒரு சுத்து போயிட்டு வரட்டுமா?"

இளையவள் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு ஓட்டத் தெரியுமாக்கா?"

"காலேஜ் முடியிற வரைக்கும் சைக்கிள்லதான் போனேன். இந்த வீட்டுல யாரும் கேக்கல, நானும் சொல்லல."

பேன்ட்டின் வலது காலைச் சுருட்டி, துணிக்குப் போடும் கிளிப்பைக் கவ்வவிட்டாள். முதல் பத்தடி சைக்கிள் இப்படியும் அப்படியும் ஆடியது. பிறகு நேரானது. தெருமுனையில் 'டக்' என்று கியர் மாறும் சத்தம் கேட்டது. அங்கே திரும்பி வருவாள் என்று பார்த்தால், வளைவில் திரும்பி மறைந்தேபோனாள்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. தைக்கக் கொடுத்த துணியை வாங்க டீச்சர் ஒருத்தி வந்து நின்றாள்.

"தையல்காரம்மா இல்லையா?"

"சைக்கிள் ஓட்டப் போயிருக்காங்க. உக்காருங்க" என்றாள் இளையவள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கால் மணி நேரம் கழித்து மூத்தவள் முகமெல்லாம் சிவந்து, முடி கலைந்து, மூச்சு வாங்க வந்தாள். டீச்சரைப் பார்த்தும் இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள்.

"வெண்ணெய் மாதிரி மாறுது. பார்க் மேட்டுல கூட ஏறிட்டேன். டீச்சர், உங்க துணி மேஜை மேல மடிச்சு வெச்சிருக்கு." பிறகு ஓரகத்தியிடம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொரு சுத்து போயிட்டு வந்துடறேன்டி."

"மெதுவாப் போயிட்டு வாங்கக்கா" என்றாள் இளையவள். டீச்சரின் துணியை எடுத்துக் கொடுக்க, கரிக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.