சேற்று அரக்கனுக்கு ஒரு ஓட்டு

நூலகத்தின் மாடி அறை வாசலில் பிளம்பர் காலைத் துடைத்துக்கொண்டார். வலது இரண்டு தடவை, இடது இரண்டு தடவை, சந்தேகத்துக்கு மறுபடி வலது ஒரு தடவை. அடுத்தவர் வீட்டுக் குளியலறைகளில் நுழைந்து நுழைந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

"போதும், மிதியடி தேஞ்சிடப் போகுது," என்றாள் மனைவி.

அவளைக் கிளப்பிக்கொண்டு வருவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லிவரும் ஒரு கதையை அவள் நம்பியதே இல்லை. இருபது வயதில், 'தூரத்து நிலாக்கள்' என்ற விண்வெளி டிவி தொடரின் படப்பிடிப்புத் தளத்தில் குழாய் மாற்றப் போனாராம். சேற்று அரக்கனாக வரவேண்டியவருக்குக் காய்ச்சலாம். உயரம் சரியாக இருந்ததால் ரப்பர் உடுப்புக்குள் இவரைத் தள்ளி ஜிப்பை இழுத்துவிட்டார்களாம். பெயரும் போடவில்லை, முகமும் தெரியாது. "கதை விடறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?" என்பாள்.

அவர் நடித்ததாகச் சொன்ன அந்த இருபத்தேழாம் பாகத்தை டிவிக்காரர்களே வெட்கப்பட்டு மறுபடி போடவில்லை. மிச்சமிருந்த ஒரே பிரதி இந்த மாடி அறையில் கூடும் ரசிகர் மன்றத்திடம். அவர்களோ வருஷத்துக்கு ஒரு பாகம்தான் திரையிடுவார்கள், அதுவும் படுமோசம் என்று ஓட்டெடுப்பில் ஜெயித்த பாகம். மனைவியிடம் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, பிளம்பர் ஊர் நடுவே தன் மானத்தைத் தானே வாங்க வேண்டியிருந்தது.

"நாப்பத்தொண்ணுதான் மோசம்!" என்று மேஜையைத் தட்டினார் மருந்துக்கடைக்காரர். "செட் போட வக்கில்லாம, ரெண்டு பேரைக் கதை முழுக்க லிஃப்டுக்குள்ள பூட்டி வெச்சாங்க. அதுல ஒருத்தர் நிஜமாவே தூங்குறார்!"

பிளம்பர் துள்ளி எழுந்தார். "இருபத்தேழுல ஒரு அரக்கன் வருதே, அதெல்லாம் ஒரு நடிப்பா? கோட்டு ஸ்டாண்டை நிக்க வெச்சிருந்தாக்கூட இதைவிட நல்லா நடிச்சிருக்கும்!"

"முதுகுல ஜிப்பு வேற தெரியுது," என்று ஒத்து ஊதினார் மன்றத் தலைவரான பல் டாக்டர். "அலறுற நேரத்துல தும்முது!"

"அது தும்மல் இல்ல, அந்தக் கிரகத்துப் பாஷை!" என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தாள் ஒரு கல்லூரி மாணவி.

"பாஷையாவது! அந்த ரப்பர் நாத்தத்துக்கு யாரா இருந்தாலும் தும்மல் வரும்," என்று உளறிவிட்ட பிளம்பர், இருமி மழுப்பினார்.

கை தூக்கச் சொன்னார்கள். பதினைந்துக்குப் பதினைந்து. தூக்காமல் இருந்த ஒரே ஆள் அவர் மனைவி.

"எனக்கு எதுவா இருந்தா என்ன? அந்த லிஃப்டையே போட்டு முடிங்க, வீட்டுக்குப் போகணும்," என்று கையைத் தூக்கப் போனாள். பிளம்பர் பதறினார். இனி அடுத்த வருஷம் இவளைக் கூட்டி வர ஜென்மத்துக்கும் முடியாது.

"அவசரப்படாதீங்கம்மா," என்றார் பல் டாக்டர். "உலகத்தையே அழிக்க வர்ற அரக்கன், கப்பல் வாசல்ல நின்னு என்ன பண்றான் தெரியுமா? காலைத் துடைக்கிறான்!"

கை பாதியில் நின்றது. "எத்தனை தடவை?"

"வலது ரெண்டு, இடது ரெண்டு."

"அப்புறம்?"

"மறுபடி வலது ஒண்ணு."

அவள் கணவனை மேலும் கீழும் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷப் பார்வையை ஒரே மூச்சில் பார்த்து முடித்த மாதிரி இருந்தது. "இருபத்தேழு," என்று கையை நன்றாக உயர்த்தினாள்.

திரைச்சீலைகளை இழுத்து மதிய வெயிலை மறைத்தார்கள். அரக்கன் வந்தது. ஜிப்பு தெரிந்தது. தும்மியது. வாசலில் நின்று நிதானமாகக் காலைத் துடைத்தது. சிரிப்பில் அறையே ஆடியது. உள்ளே அது ஒரு அடி வைத்ததுதான் தாமதம், கேப்டன் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளினார்.

"அடப்பாவி!" என்று நாற்காலி சாய எழுந்தாள் மனைவி. "காலைத் துடைச்சிட்டுத்தானேடா உள்ள வந்தாரு! அவரைப் போய்ச் சுடறியே!"

சிரிப்பு சட்டென்று அடங்கியது. அறை மொத்தமும் அவள் பக்கம் திரும்பி, அப்படியே பிளம்பர் பக்கம் நகர்ந்தது. முதலில் கை தட்டியவர் மருந்துக்கடைக்காரர்தான். பிளம்பருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கி, திரையே தெரியவில்லை.

மாணவி நாற்காலிகளைத் தாண்டி ஓடி வந்தாள். "சார், அந்தத் தும்மல்... பாஷைதானே?"

அவள் முகத்தைப் பார்த்தார். "பாஷைதாம்மா. ஒரு வாரம் உக்காந்து படிச்சேன்."

"கதை விடறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?" என்றாள் மனைவி, அவர் கையை விடாமல்.